வெயிலும் சுண்ணாம்பும்

இன்றைய சொற்பொழிவின் அழைப்பிதழில் 'எலும்பு நலம்' என்று போட்டிருக்கிறார்கள். கையோ இடுப்போ ஒடிந்த பிறகுதான் யாருக்கும் இந்தத் தலைப்பில் அக்கறை வரும். இன்று ஒடியாதவர்கள் இத்தனை பேர் வந்திருப்பது எனக்கு வியப்பு.

அணுசக்தித் துறையினர் குடியிருக்கும் மும்பையின் இந்த அணுசக்தி நகரில் பேசுவதில் ஒரு சௌகரியம் உண்டு. வேறு ஊரில் அரை மணி நேரம் விளக்க வேண்டியதை இங்கே ஒரு பெயரைச் சொல்லி முடித்துவிடலாம். ஸ்ட்ரான்சியம் 90. தனிம அட்டவணையில் கால்சியத்துக்கு நேர் கீழ் வீட்டில் குடியிருப்பது ஸ்ட்ரான்சியம். 1950களில் வல்லரசுகள் வளிமண்டலத்தில் குண்டு வெடித்துப் பார்த்த காலத்தில் அதன் கதிரியக்க வடிவமான ஸ்ட்ரான்சியம் 90 மழையோடு இறங்கிப் புல்லில் படிந்தது. புல்லைத் தின்ற பசுவின் பாலுக்கும், அந்தப் பாலைக் குடித்த குழந்தைக்கும் போய்ச் சேர்ந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1958இல் தொடங்கி, விழுந்த பால்பற்களைத் தாய்மார்களிடம் கேட்டு வாங்கிச் சோதித்தார்கள். பாலில் போனது பல்லில் இருந்தது. வளிமண்டலச் சோதனைகளுக்குத் தடை விதித்த 1963 ஒப்பந்தத்துக்குப் பொதுமக்களின் கருத்து திரண்டதில் அந்தப் பால்பற்களுக்கும் பங்கு உண்டு.

இதை இங்கே எதற்குச் சொல்கிறேன்? எலும்புக்குக் கால்சியத்தின் மேல் அவ்வளவு பசி. அண்ணன் என்று நினைத்துத் தம்பியையும் உள்ளே இழுத்துப் பூட்டிக்கொள்ளும் பசி. எலும்புத் தாதுவோடு ஒட்டிக்கொள்ளும் சேர்மங்களுக்கும் எலும்பு அப்படித்தான் கதவைத் திறக்கும். அதை நல்லதற்கும் பயன்படுத்தலாம் என்பது உங்களுக்குத் தெரியும். கதிரியக்கம் கொண்ட சமாரியம் 153ஐ அப்படியொரு சேர்மத்தில் ஏற்றி ஊசியாகப் போட்டால், புற்றுநோய் எலும்புக்குப் பரவி வலியில் துடிப்பவருக்கு அது வலிக்கிற இடத்துக்கே போய்ச் சேருகிறது. டிராம்பேயில் தயாராகும் மருந்து. உங்களில் சிலர் கைபட்டுக்கூடப் போயிருக்கலாம்.

அந்தப் பசிக்கு நாம் என்ன போடுகிறோம் என்பதுதான் இன்றைய பேச்சு.

வளர்ந்த மனிதர் ஒருவரின் உடம்பில் ஏறக்குறைய ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும். மிச்சம் இருக்கிற ஒரு விழுக்காடு இரத்தத்திலும் தசையிலும் உயிரணுக்களிலும். ஆனால் வீட்டில் அதிகாரம் அந்த ஒரு விழுக்காட்டுக்குத்தான். இரத்தத்தில் நூறு மில்லிக்கு எட்டரையிலிருந்து பத்தரை மில்லிகிராம் வரை கால்சியம் இருந்தாக வேண்டும். குறைந்தால் தசை இழுத்துக்கொள்ளும், இதயத் துடிப்பு தடுமாறும். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் நான்கு சிறு சுரப்பிகள், ஒவ்வொன்றும் ஒரு அரிசி அளவு, இதை மட்டுமே இருபத்துநான்கு மணி நேரமும் காவல் காக்கின்றன. உணவிலிருந்து வந்தால் சரி. வராவிட்டால் எலும்பைக் கரைத்து எடுத்துக்கொடு என்று அவை உத்தரவு போட்டுவிடும். அதனால்தான் இரத்தச் சோதனையில் கால்சியம் நார்மல் என்று வந்ததும் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும். அந்த நார்மல் எங்கிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்டது என்று அந்தத் தாளில் எழுதியிருக்காது.

எலும்பு வெறும் சுண்ணாம்பு இல்லை. வீட்டில் பேரன் பேத்தி இருந்தால் ஒரு கோழிக்கால் எலும்பைச் சுத்தம் செய்து வினிகரில் ஒரு வாரம் போட்டு வையுங்கள். சுண்ணாம்பெல்லாம் கரைந்து, எலும்பு ரப்பர் மாதிரி வளையும். வளைகிற அந்த மிச்சம் கொல்லாஜன் என்ற புரதம். அதே எலும்பை நெருப்பில் சுட்டால் புரதம் போய்ச் சுண்ணாம்பு மட்டும் நிற்கும், விரலால் அழுத்தினால் பொடியும். கம்பியும் சிமென்டும் மாதிரி இரண்டும் சேர்ந்தால்தான் எலும்பு.

கொல்லாஜனை நான் முதலில் பார்த்தது மருத்துவக் கல்லூரியில் இல்லை, தாராவியில். மாணவனாக இருந்தபோது ஒரு நண்பரோடு தோல் பதனிடும் கூடம் ஒன்றுக்குப் போனேன். தாராவித் தமிழர் வரலாறே திருநெல்வேலியிலிருந்து தோல் வேலைக்கு வந்தவர்களோடு தொடங்குவதுதானே. தரையில் தொட்டிகள், தொட்டி நிறையச் சுண்ணாம்புத் தண்ணீர், அதற்குள் ஊறும் தோல்கள். அந்த வாடையை இன்றைக்கு நினைத்தாலும் மூக்கு சுருங்கும். முழங்கை வரை வெளுத்துப்போயிருந்த ஒரு பெரியவர் ஒரு தோலைத் தூக்கிக் காட்டினார். "சுண்ணாம்பு முடியைக் கழத்தும் தம்பி, தோலத் தொடாது" என்றார். அவர் 'தோல்' என்று சொன்னது கொல்லாஜன் இழைகளை. இழைக்கு நடுவில் உள்ள மற்ற புரதங்களைச் சுண்ணாம்பு கரைக்கும், கொல்லாஜனை விட்டுவிடும். புத்தகத்தில் அரைப்பக்கம் இருந்த சங்கதியை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

அந்தக் கொல்லாஜனின் உருவத்தை உலகுக்குச் சொன்னவரும் நம் பக்கத்துக்காரர்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, 1954இல் அது மூன்று இழை முறுக்கிய சுருள் என்று நேச்சர் இதழில் எழுதினார். ஆய்வுக்கு வேண்டிய கொல்லாஜன் அடையாற்றில் இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது, கங்காருவின் வால் நாண். மூன்று புரி கயிறு என்று நம் ஊரில் சொல்வோமே, அதுதான். அந்தக் கயிறுகளின் இடுக்குகளில் கால்சியமும் பாஸ்பேட்டும் படிகமாக இறங்குவதுதான் எலும்பு. ராமச்சந்திரனுக்கு நோபல் வராததைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அது வேறு சொற்பொழிவாகிவிடும்.

எலும்பு என்ற இந்தக் கட்டடம் ஒருமுறை கட்டி முடித்து விட்டுவிடுவது இல்லை. அரிக்கும் உயிரணுக்கள் ஒரு பக்கம் தோண்டிக்கொண்டே இருக்கின்றன, கட்டும் உயிரணுக்கள் பின்னாலேயே வந்து பூசுகின்றன. பத்து ஆண்டுகளில் எலும்புக்கூடு ஏறக்குறைய முழுதும் புதிதாகிவிடும். இருபத்தைந்து முப்பது வயது வரை கட்டுகிறவர்கள் கை ஓங்கியிருக்கும். அப்புறம் சில காலம் சமநிலை. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற அடுத்த சில ஆண்டுகளில் தோண்டுகிறவர்கள் ஒரேயடியாக வேகம் எடுப்பார்கள், ஈஸ்ட்ரோஜன் என்ற கடிவாளம் போய்விடுவதால். முப்பதுக்குள் எவ்வளவு சேர்த்தோமோ அதை வைத்துத்தான் மீதிக் காலம்.

இனி வெயிலுக்கு வருகிறேன். வைட்டமின் டி இல்லாவிட்டால் நாம் சாப்பிடும் கால்சியத்தில் பத்துப் பதினைந்து விழுக்காடுதான் குடலில் ஏறும். போதிய அளவு இருந்தால் முப்பது, நாற்பது வரை ஏறும். அதாவது டம்ளர் டம்ளராகப் பால் குடித்தும் பெரும்பகுதியை வெளியே அனுப்பிக்கொண்டிருக்க முடியும். இதை வைட்டமின் என்று சொல்வதே பெயர்க்கோளாறு. தோலில் இருக்கும் ஒருவகைக் கொழுப்பின் மீது வெயிலின் புறஊதா பி கதிர் பட்டு, உடம்புச் சூட்டில் உருமாறி, கல்லீரலுக்குப் போய் ஒரு மாற்றம், சிறுநீரகத்துக்குப் போய் இன்னொரு மாற்றம் பெற்று வேலைக்கு வருகிற ஹார்மோன் அது. சாப்பாட்டில் மிகக் குறைவு. மீன் எண்ணெயில் உண்டு, முட்டை மஞ்சள் கருவில் கொஞ்சம் உண்டு. சைவச் சாப்பாட்டில், சேர்த்து விற்கும் பாலும் எண்ணெயும் தவிர, இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு நன்றாக இருந்தும் வெயில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கான பழைய சான்று இதே பம்பாய் மாகாணத்தில் கிடைத்தது. ஹட்சிசன், ஷா என்ற இரண்டு மருத்துவர்கள் 1922இல் வெளியிட்ட ஆய்வு. கால் வளையும் ரிக்கெட்ஸ் நோய் ஏழைக் குழந்தைகளுக்குத்தான் வரும் என்று ஐரோப்பாவில் நம்பிக்கொண்டிருந்த காலம். இவர்கள் பார்த்தது தலைகீழ். நல்ல சாப்பாடு சாப்பிட்டு, வழக்கத்தின் பேரால் வீட்டுக்குள்ளேயே வைத்து வளர்க்கப்பட்ட வசதியான வீட்டுக் குழந்தைகளுக்கு நோய் இருந்தது. அரைவயிற்றுக் கஞ்சியோடு வயல்வெளியில் தாயின் பக்கத்தில் கிடந்த குழந்தைகளுக்கு இல்லை.

அதன் மறுபக்கத்தைத் திருப்பதியில் பார்த்தார்கள். மருத்துவர் ஹரிநாராயண் குழுவினர் கிராமத்து விவசாயிகளையும் நகரவாசிகளையும் ஒப்பிட்டார்கள். வெயிலில் வேலை செய்பவருக்கு வைட்டமின் டி கூடுதல், எதிர்பார்த்ததுதான். ஆனால் அவர்கள் தட்டில் கால்சியம் மிகக் குறைவு. தானியத்தில் இருக்கும் பைட்டேட் அந்தக் கொஞ்சத்தையும் பிடித்து வைத்துக்கொண்டது. வெயில் இருந்தது, சுண்ணாம்பு இல்லை.

வெயில் பொதுவாக எல்லோருக்கும் கிடைக்கிற நாடு என்று நம்மைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறோம். பரேல் கே.இ.எம். மருத்துவமனையின் மருத்துவர்கள் நல்ல ஆரோக்கியமான இளைஞர்களைச் சோதித்து 2011இல் எழுதினார்கள், பத்தில் ஏழு பேருக்கு வைட்டமின் டி பற்றாக்குறை என்று. நோயாளிகள் இல்லை, ஓடியாடி வேலை பார்க்கிறவர்கள். தில்லியில் எய்ம்ஸ் மருத்துவர்கள் முன்பே பார்த்ததும் இதேதான். அங்கே ஓரளவு தேவலை என்று நின்றவர்கள் இராணுவச் சிப்பாய்கள். மருத்துவர்களும் செவிலியர்களும் பின்னால் நின்றார்கள். எங்களுக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபத்திரண்டு வயது. ஒரு ஜூலை மாதம் குளியலறையில் வழுக்கி, கையை ஊன்றி, மணிக்கட்டு ஒடிந்து வந்தார். கட்டுப் போட்டு முடித்ததும் என்னைக் கேட்டார், "டாக்டர், நான் வருஷம் பூரா காலை வெயில்ல நடக்கறேனே, எனக்கு ஏன்?" அவர் கணவர் பக்கத்தில் இருந்து சாட்சி சொன்னார், ஒருநாள்கூடத் தவறியதில்லையாம்.

ஏன் என்றால், காலை இளவெயிலில் வெளிச்சம் உண்டு, அந்தக் கதிர் இல்லை. சூரியன் தாழ்ந்திருக்கும்போது ஒளி காற்றுமண்டலத்தில் நெடுந்தூரம் சாய்வாக வருவதால் புறஊதா பி வழியிலேயே வடிகட்டப்பட்டுவிடுகிறது. இளவெயில் உடம்புக்கு நல்லது என்று பாட்டி காலத்திலிருந்து சொல்லிவருகிறோம். மனசுக்கு நல்லது, மூட்டுக்கு நல்லது, எலும்புக்கு மட்டும் அதனால் பெரிய லாபம் இல்லை. தோலில் இருக்கும் அதே மூலப்பொருளைக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து மணிக்கு மணி வெயிலில் வைத்துத் திருப்பதியில் பார்த்தார்கள். பகல் பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள்தான் மாற்றம் நன்றாக நடந்தது. ஒரு சுலபமான கணக்கு உண்டு: உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கிற நேரம். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் பயனில்லை, கண்ணாடி அந்தக் கதிரை விடாது. நம் நிறத்துக்கு வெள்ளைக்காரரைவிட அதிக நேரம் வேண்டும். வயது ஏற ஏறத் தோலின் கைவன்மையும் குறையும். கருகும்வரை நிற்கச் சொல்லவில்லை. கையும் முழங்காலுக்குக் கீழும் படும்படி பத்து, இருபது நிமிடம், வாரத்தில் நாலைந்து நாள்.

இந்த ஊரில் நிழல் குட்டையாகும் நேரத்தில் யார் வெளியே இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். காலை பஸ் ஏறி உள்ளே போனவர் மாலை நிழல் நீண்டபிறகு திரும்புகிறார். பிள்ளைகளுக்குப் பள்ளி, அப்புறம் டியூஷன். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பை வானம் மூடியே கிடக்கும். அப்புறம் புகை. தில்லியில் காற்று மாசு மிகுந்த மோரி கேட் பகுதிக் குழந்தைகளுக்கு, அத்தனை மாசில்லாத குர்காவ் பக்கத்துக் குழந்தைகளைவிட வைட்டமின் டி பாதிக்கும் கீழே இருந்ததை 2002லேயே எழுதிவிட்டார்கள். இங்கே மாஹூல் பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், தேவ்னார் பக்கம் குப்பை மேடு. உங்களுக்காவது கட்டடத்துக்குக் கட்டடம் இடைவெளி விட்டு, மரமும் மைதானமும் வைத்து ஊரைக் கட்டியிருக்கிறார்கள். தாராவியின் சந்துகளில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒருக்களித்து நிற்க வேண்டும். மேலே தகரமும் நீலத் தார்ப்பாயும். பட்டப்பகலில் பல்பு எரியும் வீடுகளில் பிள்ளை பெற்ற பெண்கள் நாள் முழுக்க இட்லி வார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சுண்ணாம்பும் குறைவு, வெயிலும் இல்லை. பேச்சு அவர்களைப் பற்றியதும்தான் என்பதால் சொல்கிறேன்.

மணிக்கட்டு ஒடிந்த அம்மாவிடம் முந்தின நாள் சாப்பிட்டதை எழுதிக் கொடுக்கச் சொன்னேன். இரண்டு வேளை காபி, மூன்று இட்லி, மதியம் சாதம், சாம்பார், வெண்டைக்காய்க் கறி, ஒரு கரண்டித் தயிர், இரவு இரண்டு சப்பாத்தி. குறை சொல்ல முடியாத சாப்பாடு. கூட்டிப் பார்த்தால் கால்சியம் நானூறு மில்லிகிராமைத் தாண்டவில்லை. ஃபில்டர் காபியில் பால் நிறைய இருப்பதாக ஒரு பிரமை. டம்ளருக்கு அரைக் கோப்பைகூட இராது. அரிசியிலோ நூறு கிராமுக்குப் பத்து மில்லிகிராம்கூட இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தது, 2020இல் 1000 என்று உயர்த்தியது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் 1200.

அந்த மீதியை எங்கே பிடிப்பது? கேழ்வரகு. இங்கே மளிகைக்கடையில் நாச்னி என்று கேட்டால் கிடைக்கும். நூறு கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம், பாலைப்போல் மூன்று மடங்கு. முளைகட்டி அரைத்தால் பைட்டேட்டும் குறையும். அடுத்தது எள். மகாராஷ்டிரத்தில் சங்கராந்திக்குத் தில்குல் என்ற எள்ளுருண்டை கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள், நாம் எள்ளைத் திவசத்துக்கும் சனீஸ்வரனுக்கும் ஒதுக்கிவிட்டோம். தோல் நீக்காத எள்ளில் நூறு கிராமுக்கு ஆயிரத்துக்கும் மேல். இட்லிக்கு எள்ளுப்பொடி ஒரு பெரிய கரண்டி போட்டுக்கொண்டால் ஒரு டம்ளர் பாலில் பாதி. முருங்கைக்கீரை மரத்தடியில் சும்மா உதிர்கிறது. பாலக்கை மட்டும் நம்பாதீர்கள், அதில் இருக்கும் ஆக்ஸலேட் தன் கால்சியத்தைத் தானே பூட்டி வைத்துக்கொள்ளும், ஏறுவது ஐந்து விழுக்காடுதான். மீன் சாப்பிடுகிறவர்கள் மாந்தேலி வாங்கலாம், நம் நெத்திலிக்கு ஒன்றுவிட்ட உறவு, முள்ளோடு மெல்லலாம். பிரண்டையைக் கேட்பீர்கள். இந்திக்காரர்களும் அதற்கு எலும்பொட்டி என்று பொருள்படும்படிதான் பெயர் வைத்திருக்கிறார்கள். துவையல் தாராளமாகச் சாப்பிடுங்கள், அதை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள்.

மாத்திரை பற்றிக் கேள்வி நேரத்தில் கேட்பீர்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். பிரான்சில் லியோன் பக்கத்து முதியோர் இல்லங்களில், சராசரி வயது எண்பதைத் தாண்டிய 3270 மூதாட்டிகளிடம் நடந்த சோதனை 1992இல் வெளிவந்தது. ஒரு பாதிக்கு நாளும் 1200 மில்லிகிராம் கால்சியம், 800 யூனிட் வைட்டமின் டி. ஒன்றரை ஆண்டில் இடுப்பெலும்பு முறிவு அவர்களிடம் 43 விழுக்காடு குறைவு. சரி, எல்லோரும் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பினார்கள். 2022இல் அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு வந்தது. ஐம்பதைக் கடந்த, ஆரோக்கியமான மனிதர்களுக்கு நாளும் 2000 யூனிட் டி கொடுத்தும் எலும்பு முறிவு குறையவில்லை. இரண்டும் முரண் மாதிரித் தெரியும். முதல் கூட்டம் வெயிலும் காணாமல் சத்தும் போதாமல் இருந்தது, இரண்டாவது கூட்டத்துக்குப் பெரும்பாலும் குறையே இல்லை. நிறைந்த குடத்தில் ஊற்றினால் வழியத்தானே செய்யும்? நம்மில் பெரும்பாலோர் லியோன் பக்கம் நிற்கிறோமா, அமெரிக்கா பக்கம் நிற்கிறோமா என்பதைக் கே.இ.எம். கணக்கே சொல்லிவிடும்.

அதற்காக அள்ளிப் போட்டுக்கொள்ளவும் கூடாது. ஆஸ்திரேலியாவில் வயதான பெண்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். விழுவதும் ஒடிவதும் கூடியது. நம் ஊரில் அறுபதாயிரம் யூனிட் பொட்டலம் வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுக்கிறோம், சில வாரங்களுக்கு மட்டும். செம்பூரில் ஒரு மாமா அதைத் தினம் ஒன்று என்று படித்துக்கொண்டு மூன்று மாதம் பாலில் கலக்கிக் குடித்துவிட்டார். வாந்தி, தாகம், பேச்சில் குழப்பம். அழைத்து வந்தவர்கள் பக்கவாதம் என்று நினைத்தார்கள். இரத்தக் கால்சியம் எக்கச்சக்கமாக ஏறிக் கிடந்தது. பிழைத்தார், சிறுநீரகம் பழையபடி ஆக நாளாயிற்று. சீட்டை எழுதிய கை யாருடையதோ, வாரம் ஒன்று என்பதை வாயால் சொல்ல அரை நிமிடம் போதும். வேகமாக எழுதுகிற பழக்கம் எனக்கும் உண்டு என்பதால் அதற்கு மேல் பேச உரிமையில்லை. கால்சியம் மாத்திரையைச் சாப்பாட்டோடு போடுங்கள், ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரையோடும் தைராய்டு மாத்திரையோடும் சேர்க்காதீர்கள். சிறுநீரகக் கல் வந்தவர்கள் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கடைசியாக இரண்டு வேண்டுகோள். பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். பத்திலிருந்து பதினெட்டு வயதுக்குள்தான் எலும்பு வேகமாகச் சேர்கிறது, குதித்து ஓடும் பிள்ளைக்கு இன்னும் அதிகமாகச் சேர்கிறது. விளையாட்டு வகுப்பு காலை முதல் பீரியடிலேயே முடிந்துவிடுகிறது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை மும்பை வெயில் யாரையும் சுடாது. அந்த நான்கு மாதமாவது விளையாட்டை முற்பகல் பதினொன்றரைக்கு மாற்றிப் பாருங்கள். முக்கியமாகப் பெண் பிள்ளைகளை, பரீட்சை வருகிறது என்று வகுப்பில் உட்கார வைக்காமல் மைதானத்துக்கு அனுப்புங்கள்.

இரண்டாவது உங்கள் எல்லோருக்கும். மணி பன்னிரண்டு ஐந்து. டிசம்பர் மாதம். வாசலில் மரநிழல் பார்த்துக் காரை நிறுத்தியிருப்பீர்கள், நானும் அப்படித்தான் நிறுத்தியிருக்கிறேன். தயிர்சாதம் பின்கட்டில் தயாராக இருப்பதாக அமைப்பாளர் சொன்னார். தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே நாற்காலி தேடாமல், வெளியே மைதானத்துக்கு வாருங்கள். கேள்விகளை அங்கே நின்றபடி கேளுங்கள்.